விடைக்கோழிகளும் பின்சுவரும்

1

குவைத்துக்கு வந்து இருபது வருடம் நிறைந்த அன்று காலை, தேநீர் இடைவேளையில், என் கைப்பேசித் திரையில் ஒரு கறுப்புக் கோழி முட்டையிட இடம் தேடிக்கொண்டிருந்தது. கோழி இருந்தது லப்பைக்குடிக்காட்டில், எங்கள் வீட்டுக் கொல்லையில். நான் இருந்தது ஷுவைக்கில், ஏ.சி. உதிரிப்பாகங்கள் அடுக்கிய ஒரு தகரக் கிடங்கின் வாசலில். நடுவில் ஒரு கேமரா.

இருபது வருடம் நிறைந்ததை நினைவில் வைத்திருந்தவர் எங்கள் மந்தூப் ஒருவர்தான். அரசாங்க ஆபீஸ்களில் எங்கள் தாள்களைத் தூக்கிக்கொண்டு அலைகிற கம்பெனி ஆளை இங்கே மந்தூப் என்பார்கள். அவரும் அன்பினால் நினைவு வைத்திருக்கவில்லை. என் இக்காமாவை, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்க வேண்டிய வாரம் அது. கைரேகை இயந்திரத்தில் விரலை வைத்தால் மூன்று தடவை சிவப்பு விளக்கு எரிந்தது. அட்டைப்பெட்டி தூக்கித் தூக்கி ரேகை தேய்ந்துவிட்டதாம். நான்தான் நானா என்று இயந்திரத்துக்கே சந்தேகம். நான்காவது தடவை அரைமனதாக ஒப்புக்கொண்டது.

எனக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. நானும் அதே வேலைதான் பார்க்கிறேன். சரக்கு ஏற்றிய வேன் கிடங்கை விட்டு வெளியே போகுமுன் சீட்டில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட வேண்டும். ஓட்டுநர் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று பார்க்க வேண்டும். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். ஊரில் இருக்கும் நீங்கள் எங்களைப் பற்றி நினைப்பதெல்லாம் வெயிலும் ஒட்டகமும்தான். என்னைக் கேட்டால், ஒரே வேலையை இருபது வருடம் செய்தால் அது நம் குணமாகவே ஆகிவிடுகிறது என்பதைத்தான் முதலில் சொல்வேன்.

போன விடுப்பில் அந்தக் குணத்தை ஊருக்கும் கொண்டுபோனேன். பெரம்பலூரிலிருந்து ஆள் வரவழைத்து வாசலில் ஒரு கேமரா, கொல்லையில் ஒரு கேமரா மாட்டினேன்.

“கொல்லையில எதுக்குங்க கேமரா? பொம்பளைங்க தலை தொவட்டுற எடம்” என்றாள் என் மனைவி ஜெய்புன்னிசா.

“காலம் கெட்டுக் கெடக்கு ஜெய்பு. நீயும் புள்ளையும் தனியா இருக்கீங்க. திருடன் பின்பக்கமாத்தான் வருவான்.”

“இத்தன வருஷம் வராதவன் இப்ப வரப்போறானாக்கும்.”

திருடன் யார் என்று என் மனதில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவன் வீடு.

2

கோழி வந்த கதை சின்னது. திட்டக்குடிக்குத் துணி எடுக்கப் போன ஜெய்பு, எட்டு நாட்டுக்கோழிக் குஞ்சுகளோடு வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டாள். ஒன்றைக் காக்கை தூக்கிக்கொண்டு போனது. இரண்டு சளி பிடித்துச் செத்தன. மிச்சம் ஐந்தும் பெட்டையாக அமைந்தன. கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, செவலை இரண்டு, உடம்பெல்லாம் பொட்டு வைத்தது ஒன்று. மக்காச்சோளக் குருணையைத் தின்று ஐந்து மாதத்தில் விடைக்கோழிகளாக நின்றன.

தினமும் கோழிச் செய்தி வரும். எங்கள் மகள் ரிஸ்வானா பெரம்பலூரில் காலேஜ் படிக்கிறாள். என்னோடு பேசும்போது அவள் குரலில் எப்போதும் பஸ் ஏறப்போகிறவளின் அவசரம் இருக்கும். “நல்லாருக்கேன் அத்தா. சாப்ட்டேன் அத்தா. அம்மாட்ட குடுக்கவா?” அதோடு சரி. ஜெய்புவுக்கும் எனக்கும்கூடப் பல மாதங்களாகப் பேச்சு வறண்டு போயிருந்தது. கோழிகள் வந்த பிறகுதான் அவள் போனில் சிரிக்க ஆரம்பித்தாள்.

“வெடக்கோழிங்களுக்குக் கொண்டையெல்லாம் செவந்துருச்சுங்க. முதுகு மேல கைய கொண்டு போனா அப்படியே குத்த வச்சு ஒக்காந்துக்குது. பத்து நாள்ல முட்ட வுட்டுரும் பாருங்க.”

பார்த்தேன். அதற்குத்தானே கேமரா இருந்தது. காலை எட்டரைக்கு எங்களுக்குத் தேநீர் இடைவேளை. ஊரில் அப்போது பதினோரு மணி. அந்த நேரத்தில்தான் கோழிகள் அலைபாயும். ஜெய்பு ஒரு பழைய பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கோல் போட்டு, துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதற்குள் ஒவ்வொன்றும் தலையை விட்டுப் பார்க்கும். ஒரு கால் வைக்கும். எடுத்துவிடும். தென்னங்கீற்றுக் குவியலுக்குப் போகும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகும். திரும்பவும் பெட்டிக்கே வரும். முட்டை வைக்கப்போகிற விடைக்கோழியைப் போன்ற சந்தேகப் பிராணியை நான் கண்டதில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று அது கழுத்தை ஒடித்து ஒடித்துத் திரும்பும். அப்போது ஒரு தடவை நேராகக் கேமராவையே பார்த்தது. நான் சட்டென்று திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன்.

3

முதல் முட்டை வெள்ளையுடையது. ஜெய்பு வீடியோ காலில் அழைத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். புறா முட்டை அளவுதான் இருந்தது. ஓட்டின் மேல் மெல்லிய இரத்தக் கோடு.

“மொத முட்டைக்கு அப்படித்தாங்க இருக்கும். பாவம், எப்படி மொனகுச்சு தெரியுமா? நான் பக்கத்துலயே ஒக்காந்துருந்தேன்.”

ஏனோ எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரிஸ்வானா பிறந்தபோது நான் இங்கே இருந்தேன். போனில்தான் கேட்டேன். அதை நினைத்தேனோ என்னவோ.

அந்த மகிழ்ச்சியை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சரக்கு ஏற்ற வந்திருந்த எகிப்துக்கார ஓட்டுநரிடம் எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். அரபியில் வீட்டுக்கு ‘பைத்’. முட்டைக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான், கடைசி எழுத்தை மட்டும் நாக்கைத் தடிப்பாக்கி அழுத்த வேண்டும். இருபது வருடமாகியும் அந்த அழுத்தம் என் நாக்குக்கு வரவில்லை. ‘என் வீட்டில் முட்டை வந்துவிட்டது’ என்று நான் சொன்னது, ‘என் வீட்டில் ஒரு வீடு வந்துவிட்டது’ என்று அவர் காதில் விழுந்தது.

“வீட்டுக்குள்ள இன்னொரு வீடா?” என்று அவர் அரபியில் உரக்கக் கேட்டார். சுமை ஏற்றிக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேன் போன பிறகு கதவைச் சாத்தும்போதுதான் அந்தச் சொல் தமிழில் திரும்பி வந்து குத்தியது. வீட்டுக்குள் இன்னொரு வீடு. நான் இல்லாத வீட்டில், நான் அறியாத இன்னொரு வீடு.

ஒரு கோழி முட்டையிலிருந்து ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்பீர்கள். போனேன்.

4

இரண்டு வாரத்தில் ஐந்தும் முட்டையிட ஆரம்பித்துவிட்டன என்று ஜெய்பு சொன்னாள். அன்றிலிருந்து நான் எண்ண ஆரம்பித்தேன். தேநீர் இடைவேளையில் எந்தக் கோழி கொக்கரித்துக் கேறுகிறது, எது பெட்டியிலிருந்து இறங்குகிறது என்று பார்ப்பேன். மத்தியானம் போனில் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்பேன்.

“இன்னிக்கி எத்தனை?”

“ரெண்டுங்க.”

“நாலு கேறுச்சே?”

அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. “கேறுனதெல்லாம் முட்ட வுட்டுருச்சுன்னு அர்த்தமா? தினம் தினம் வுடுறதுக்கு அது என்ன மெஷினா?”

சொன்னது சரிதான். நாட்டுக்கோழி ஒன்று விட்டு ஒரு நாள்தான் இடும். ஆனால் என் காதில் விழுந்தது அந்த ஒரு நொடி அமைதிதான். கிடங்கு வாசலில் சீட்டை நீட்டும் ஓட்டுநரிடம் இப்படி ஓர் அமைதி கேட்டால் நான் வண்டியின் பின்கதவைத் திறக்கச் சொல்வேன்.

அதற்குப் பிறகு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான்காம் நாள் அது கிடைத்தது. பதினோரு மணி தாண்டியதும் ஜெய்பு கையில் ஓர் எவர்சில்வர் தூக்கோடு வந்தாள். கொல்லையைக் கடந்து பின்சுவரின் மூலைக்குப் போனாள். அந்த மூலை கேமராவில் பாதிதான் தெரியும். சுவரின் மேல்விளிம்பு தெரியும், ஆள் நின்றால் முதுகு தெரியும், அவ்வளவுதான். சற்று நேரம் நின்றாள். அதே தூக்கோடு திரும்பி வந்தாள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாள் நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரின் மேல் ஒரு கை தெரிந்தது. முழங்கை வரை மடித்த சட்டை. ஆண் கை.

அன்று இரண்டு வண்டிகளைச் சரியாகப் பார்க்காமல் வெளியே விட்டேன். இருபது வருடத்தில் அது முதல் தடவை.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். ஜெய்புவைக் கேட்காமல் நான் முதலில் என் மகளைக் கேட்டேன். அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமாகப் பார்த்து அழைத்தேன்.

“ரிசு, பகல்ல அம்மா யார்கூடவாச்சும் பேசுதாம்மா? பின்பக்கம்?”

பஸ் ஹாரன் கேட்டது.

“அத்தா, நீங்க கேக்குறது நல்லால்ல. அந்தக் கேமரா மாட்டுனதுலேருந்து அம்மா கொல்லைக்குப் போனாக்கூட முக்காடு போட்டுக்கிட்டுத்தான் போவுது. அது தெரியுமா ஒங்களுக்கு? கோழிக்குத் தீனி போடுறதுக்கு முக்காடு. சொந்த வூட்டுல.”

பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். ஒரு நாள்கூடத் தலை திறந்து அவள் கொல்லைக்கு வரவில்லை. நான் அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன்.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கை யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் இருக்கும் ஒரே ஆண் ஹாஜா மைதீன்தான்.

5

ஹாஜாவும் நானும் ஒரே விமானத்தில் குவைத்துக்கு வந்தவர்கள். ஒரே அறையில் மேல்கட்டிலும் கீழ்கட்டிலுமாகப் பதினாறு வருடம் படுத்தவர்கள். ஊரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பின்சுவர். அவன் அதே கிடங்கில் வேன் ஓட்டினான். நான்கு வருடத்துக்கு முன் இரண்டு கம்ப்ரசர்கள் காணாமல் போயின. விசாரணை நடந்தது.

நான் பார்த்தது இவ்வளவுதான்: நண்பகல் லுஹர் தொழுகை நேரத்தில் ஹாஜாவின் வேன் பக்கவாட்டுக் கதவருகே எஞ்சின் ஓட நின்றிருந்தது. அவனை நான் பார்க்கவில்லை. சரக்கையும் பார்க்கவில்லை.

அப்போதிருந்த மந்தூப் அரபியில் கேட்டார். “ஷுஃப்த்?” பார்த்தாயா?

“ஷுஃப்த்” என்றேன். பார்த்தேன். வண்டியைப் பார்த்தேன் என்று சொல்ல நினைத்தேன். அவர் அதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதி முடித்து, எனக்குப் புரியட்டும் என்று இந்தியில் படித்தும் காட்டினார். ‘ஹாஜா மைதீன் சரக்கை ஏற்றுவதைப் பார்த்தேன்’ என்று இருந்தது.

அரபி தெரியாததால் நடந்த தவறு என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தி எனக்கு நன்றாகவே புரியும். திருத்தச் சொன்னால் என்னையும் சந்தேகப்படுவார்களோ என்று பயந்தேன். அந்த வேனுக்குக் கதவு திறந்துவிடுகிறவன் நான்தானே. கையெழுத்துப் போட்டேன்.

ஹாஜாவின் இக்காமாவை ரத்து செய்து ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். பெட்டி கட்டும்போது அவன் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான். “நீ என்னத்தடா பாத்த கமாலு?” நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் போகும்வரை வெளியே வரவில்லை.

ஜெய்புவிடம், அவன் திருடிவிட்டான், இனி அந்த வீட்டோடு பேச்சு வேண்டாம் என்று சொன்னேன். ஊரெல்லாம் அது பரவியது. அவன் மனைவி மவுத்தானபோது கூட நான் ஒரு போன் செய்யவில்லை. ஜெய்பு மட்டும் துக்க வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அதற்கும் கோபப்பட்டேன்.

இன்னொன்றையும் நான் வீட்டில் சொல்லவில்லை. ஹாஜா போன பிறகும் எங்கள் கிடங்கில் இரண்டு தடவை சரக்கு குறைந்தது.

6

ஒரு வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள், காலையிலேயே ஜெய்புவை அழைத்தேன். நிதானமாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் அழைத்தேன்.

“அவனுக்கு எதுக்கு நீ முட்ட குடுக்குற?”

“யாருக்கு?”

“எனக்குத் தெரியும் ஜெய்பு. தூக்க எடுத்துக்கிட்டுச் செவுத்துக்குப் போற. அவன் கை வருது. நான் என்ன குருடனா?”

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

“அப்ப இத்தன நாளா இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்க. கோழி எப்படி இருக்கு, கொண்டை செவந்துருச்சான்னு கேட்டதெல்லாம் இதுக்குத்தானா? நான் என்னமோ நீங்க ஆசையா கேக்குறீங்கன்னு நெனச்சேன்.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“சொல்ல மாட்டேன். காட்டுறேன். பேசாம பாத்துக்கிட்டே இருங்க. வாய தொறந்தீங்கன்னா இதான் நான் ஒங்ககூடப் பேசுற கடைசிப் பேச்சு.”

வீடியோ காலுக்கு மாற்றி, போனை வெளிப்பக்கம் பார்க்க நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். அங்கே நான் என் கேமராவில் பார்த்தே இராத காட்சி ஒன்று தெரிந்தது. கறுப்புக் கோழி துவைக்கும் கல்லில் ஏறி, அங்கிருந்து தண்ணீர்த் தொட்டிக்குத் தாவி, தொட்டியிலிருந்து, என் கேமராவுக்கு எட்டாத பக்கமாக, ஒரே எழும்பலில் பின்சுவர் மேல் போய் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் குதித்தது. பின்னாலேயே ஒரு செவலையும் போனது. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. ஜெய்பு கல்லில் உட்கார்ந்துகொண்டாள். போனில் வானமும் சுவரும் மாறி மாறித் தெரிந்தன. பிறகு சுவருக்கு அப்பால் கோழி கேறும் சத்தம். சற்றுப் பொறுத்து ஒரு குரல்.

“தங்கச்சி, இருக்கியாம்மா?”

நான்கு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். ஜெய்பு தூக்கோடு மூலைக்குப் போனாள். தூக்கு காலியாக இருந்தது. சுவர் மேல் அந்தக் கை வந்தது. அதில் இரண்டு முட்டைகள். ஜெய்பு ஒவ்வொன்றாக வாங்கித் தூக்கில் வைத்தாள்.

“இன்னிக்கும் வெறகுக்குள்ளதான் வுட்டுருக்கு. ஒரு றெக்கைய வெட்டி வுடும்மா, இல்லன்னா அது பழக்கத்த வுடாது.”

“வச்சுக்கங்கண்ணே. ஒங்க மவ நஸ்ரினுக்கு அவிச்சுக் குடுங்க.”

“வேணாம்மா. ஒன் வூட்டுக்காரனுக்குத் தெரிஞ்சா, கோழிய நாந்தான் சோளத்தப் போட்டு இழுத்தேன்னு சொல்வான். எதுக்கு வம்பு.”

கை மறைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவன் அதைச் சொல்வதற்கு ஒரு நிமிடம் முன்னால் நான் நினைத்ததும் அதைத்தான். சோளத்தைப் போட்டு இழுத்திருப்பானோ.

காலித் தூக்கு போகிறது, நிறைந்த தூக்கு வருகிறது. நான் அத்தனை நாளும் பார்த்த அதே காட்சிதான். நிறைந்து போய்க் காலியாக வருகிறது என்று நானாகவே வைத்துக்கொண்டேன்.

“பாத்தாச்சா?” என்றாள் ஜெய்பு, உள்ளே வந்து. “பொட்டில வுடுற முட்டைய மட்டும் ஒங்கள்ட்ட சொன்னேன். அவர் குடுக்குறதச் சொன்னா நீங்க வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பீங்க. அதான் சொல்லல. மறச்சது தப்புதான். ஆனா ஏன் மறச்சேன்னு நீங்களே யோசிச்சுக்கங்க.”

போனை வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் கொல்லைக் கேமராவில் படம் வரவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை.

7

தன் விறகுக்குள் கிடைத்த முட்டையைத் திருப்பிக் கொடுப்பவன் கம்ப்ரசரை எடுத்திருக்க மாட்டான் என்று சொல்ல முடியுமா? முடியாது. என் புத்தி இப்போதும் அப்படித்தான் பேசுகிறது. அவன் எடுத்தானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எனக்குத் தெரியாது என்பது மட்டும் நான்கு வருடமாகத் தெரியும்.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். புது மந்தூப் காரணம் என்ன என்று கேட்டார். படிவத்தில் கல்யாணம், மரணம், மருத்துவம் என்று மூன்றுதான் இருந்தன. ‘மற்றவை’ என்ற கட்டத்தில் எதையாவது எழுதச் சொன்னார். குடும்பம் என்று எழுதினேன்.

திருச்சியில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது ரிஸ்வானா காலேஜ் போயிருந்தாள். ஜெய்பு சோறு போட்டாள். முட்டைக் குழம்பு. எந்தக் கோழியுடையது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பின்சுவர் பக்கம் எழுந்து போனேன்.

“அங்க எங்க போறீங்க?” என்றாள்.

“ஹாஜாவைக் கூப்புட.”

“செவுத்துல நின்னு பேசுறதுக்கு நீங்க என்ன பொம்பளையா? தெருவச் சுத்தி வாசல் வழியாப் போங்க. நாலு பேரு பாக்கட்டும்.”

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம். அடுத்த தெருவுக்குச் சுற்றிக்கொண்டு போனேன். இரண்டு பேர் என்னைப் பார்த்து ஸலாம் சொன்னார்கள். நான் எந்த வீட்டு வாசலில் நிற்கிறேன் என்று கண்டதும் நடையை மெதுவாக்கினார்கள்.

ஹாஜா இளைத்திருந்தான். தாடி வெளுத்திருந்தது. கைலியை மடித்துக் கட்டி, பழைய மிக்ஸி ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். பழுது பார்க்கும் வேலை. என்னைக் கண்டதும் திருப்புளியைக் கீழே வைத்தான்.

“ஹாஜா.”

“சொல்லு.”

விமானத்தில் நான்கு மணிநேரம் தயார் செய்து வைத்திருந்த பேச்சு எங்கேயோ போய்விட்டது.

“அன்னிக்கி நான் வண்டியத்தான் பாத்தேன். ஒன்னப் பாக்கல.”

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சுருள் கம்பி ஒன்றை எடுத்து விரலில் சுற்றினான். பிரித்தான்.

“இத எனக்கு எதுக்குச் சொல்ற? நான் அந்த எடத்துல இல்லைங்கறது எனக்கே தெரியும்.” உள்ளே திரும்பி, “நஸ்ரின், இங்க வா” என்றான்.

அவன் மகள் வந்து கதவோரம் நின்றாள். ரிஸ்வானாவின் வயது. சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவள் உயரமாகிவிட்டாள். அவளுடைய அம்மாவின் முகம் அப்படியே இருந்தது.

“இவகிட்ட சொல்லு” என்றான் ஹாஜா. “பள்ளிக்கூடத்துல இவளத்தான் கேட்டாங்க, ஒங்க அத்தா ஜெயிலுக்குப் போயிட்டு வந்தாரான்னு.”

சொன்னேன். உங்கள் அத்தா திருடியதை நான் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன் என்று முழுதாகச் சொன்னேன். அவள் ஒரு சொல்கூடத் தவறவிடாமல் கேட்டாள்.

“இத எங்கம்மா இருக்கறப்ப வந்து சொல்லிருக்கலாம்ல மாமு” என்றாள்.

தரையில் கிடந்த திருகாணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹாஜாதான் பேசினான். “வாயால சொன்னது காத்துல போயிரும் கமாலு. அன்னிக்கி பேப்பர்ல எழுதித்தான என்ன அனுப்புன. இதையும் எழுதிக் குடு. தமிழ்லயே எழுது. இந்தத் தடவ ஒனக்குப் படிக்கத் தெரிஞ்ச பாஷையில எழுது.”

நஸ்ரின் உள்ளே போய் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு கொண்டுவந்தாள். தரையில் உட்கார்ந்து எழுதினேன். தமிழில் எழுதி வெகுகாலம். ‘பார்க்கவில்லை’ என்ற சொல்லை அடித்துத் திருத்தாமல் தெளிவாக எழுத வேண்டும் என்று மெதுவாக எழுதினேன். முடித்துக் கையெழுத்துப் போட்டு ஹாஜாவிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. மகளைக் காட்டினான்.

அவள் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தாள். மேலிருந்து கீழாக ஒரு தடவை. திரும்பவும் ஒரு தடவை. எழுந்து நின்று காத்துக்கொண்டிருந்தேன். கிடங்கு வாசலில் என் முன்னால் ஓட்டுநர்கள் எப்படி நிற்பார்கள் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

“கையெழுத்துப் போட்டுருக்கீங்க. தேதி போடலயே” என்று தாளை என்னிடமே திருப்பி நீட்டினாள். “போடுங்க மாமு.”